சைக்கிளை விட்டு ஏன் இறங்க வேண்டும்?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் முன் ஒரு பட்டியலை வைத்தார்கள். கூலி, பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடை என்று போகிற அந்தப் பட்டியலின் நடுவே ஒரு கோரிக்கை தனியாக நிற்கிறது. துரைமார்களும் கிராணிமார்களும் எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். இதற்குப் போய் ஒரு வேலைநிறுத்தமா என்று கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் சைக்கிள் சாதாரணப் பொருள் அல்ல. காசு சேர்த்து, மிச்சம் பிடித்து வாங்கிய ஒரே சொத்து. அதில் ஏறிப் போகும்போதுதான் அவன் யாருக்கும் கூலியாக இல்லாமல் ஒரு மனிதனாகப் போகிறான். அந்த நேரத்திலும் துரையைக் கண்டால் இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகு ஏற வேண்டும் என்றால், அது வேலை நேரத்து ஒழுங்கு அல்ல. வேலை முடிந்த பிறகும் நீ என் ஆள்தான் என்று சொல்லாமல் சொல்வது.

ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? எதுவரை கட்டுப்பட வேண்டும்? ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் மல்லுக்கட்டிய கேள்வி இது. லாக், மாண்டெஸ்கியூ, வால்டேர், ரூசோ, ஆடம் ஸ்மித், கான்ட் என்று நீளும் அந்த வரிசையின் காலத்தைத்தான் அறிவொளிக் காலம் என்கிறோம். கடவுள் கொடுத்த அதிகாரம், பரம்பரையாக வந்த அதிகாரம் என்றெல்லாம் சொல்லி ஆண்டவர்களைப் பார்த்து, உன் அதிகாரத்துக்கு ஆளப்படுகிறவர்களின் சம்மதம் எங்கே என்று கேட்டார்கள் அவர்கள். கிள்ளான் தொழிலாளர்களில் எவரும் அந்த நூல்களைப் படித்து வந்தவர்கள் அல்லர். இருந்தும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கி.

முதலாளிகள் கூடலாம், தொழிலாளி கூடக் கூடாதா?

கதை கூலியில்தான் தொடங்குகிறது. 1938இல் ரப்பர் விலை இறங்கியது. தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், உதவி கொடுத்து ஆள் அனுப்பும் முறைக்கு இந்திய அரசு தடை போட்டது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. அரிசி, துணி எல்லாவற்றின் விலையும் ஏறியது. ஏறாமல் இருந்தது தமிழ்த் தொழிலாளியின் கூலி. ஓர் ஆணுக்கு நாள் கூலி 50 காசை ஒட்டியே கிடந்தது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. பக்கத்திலேயே வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் அதைவிடக் கூடுதலாகப் பெற்றார்கள். காரணம் எளிது. சீனர்கள் குத்தகைக்காரர் மூலம் பேரம் பேசினார்கள். பிடிக்காவிட்டால் வேறு இடம் போனார்கள். தமிழருக்குக் கூலியை நிர்ணயித்தது முதலாளிகளின் சங்கம்.

இங்கே ஆடம் ஸ்மித்தை நினைக்காமல் இருக்க முடியாது. தாராள வாணிபத்தின் தந்தை என்று முதலாளிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அதே ஸ்மித்தான். 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் கூலியைப் பற்றிய அத்தியாயத்தை அவர்கள் படித்தார்களா என்பதுதான் சந்தேகம். கூலியை உயர்த்தக் கூடாது என்பதில் முதலாளிகள் எப்போதும் ஓசையில்லாமல் ஒன்றுகூடியே இருக்கிறார்கள் என்று அதில் ஸ்மித் சொல்கிறார். எண்ணிக்கையில் குறைவானவர்கள் என்பதால் அவர்கள் கூடுவது சுலபம். அதைச் சட்டம் தடுப்பதில்லை. தொழிலாளர்கள் கூடினால் மட்டும் உடனே கூச்சல் எழும், அதிகாரிகளை அழைப்பார்கள் என்றும் எழுதிவைத்தார். கிள்ளானில் நடந்ததை 165 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து எழுதியது போலத்தான் இருக்கிறது.

மலாயாவில் தொழிற்சங்கச் சட்டம் 1940இல் நிறைவேறியது. சட்டம் வந்ததே தவிர, தோட்டத்துக்குள் சங்கம் வரவில்லை. அந்த வெற்றிடத்தில் முளைத்ததுதான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் இருந்தவர் ஆர்.எச்.நாதன். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றியவர். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை தோட்டங்களில் எப்படி வாசிக்கப்பட்டது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். லயத்து வாசலில் மாலையில் கூடும் அந்தக் கூட்டம் ஒரு வாசகசாலைக்குச் சமம்.

1941ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. ரப்பர் தட்டுப்பாடு வந்தால் போர் முயற்சிக்கே ஆபத்து என்பதால் முதலாளிகள் ஓரளவு இறங்கி வந்தார்கள். ஏப்ரலில் கூலியோடு படி சேர்த்துச் சில காசுகள் உயர்ந்தன. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கிடைக்கவில்லை என்றாலும் ஏதோ கிடைத்தது. அத்தோடு எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நிர்வாகம் நினைத்தது.

அங்கேதான் கணக்குத் தப்பியது.

பட்டியலில் இருந்தவை

கூலிச் சண்டை ஓரளவு தீர்ந்த பிறகுதான் அந்த நீண்ட பட்டியல் முன்னுக்கு வந்தது. சீனருக்குச் சமமான கூலி. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளையும் மேற்பார்வையாளர்களையும் நீக்கி, தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. ஒழுங்கான மருத்துவம். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைத் துரைகளும் கறுப்புத் துரைகளும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை. உற்றார் உறவினர் தோட்டத்துக்குத் தடையின்றி வந்து போகலாம். குறைகளைச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. கூடவே அந்தச் சைக்கிள்.

இதை ஒரு தரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பணம் சம்பந்தப்பட்டதே அல்ல. உறவினர் வந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? தோட்டம் தனியார் சொத்து. வாசலைத் தாண்ட வேண்டுமானால் நிர்வாகியின் சம்மதம் வேண்டும். கல்யாணம் பேச வந்த மாமனாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748இல் 'சட்டங்களின் சாரம்' என்ற நூலை வெளியிட்டார். சட்டம் போடும் அதிகாரம், அதை நடத்தும் அதிகாரம், குற்றம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் அங்கே சுதந்திரம் இருக்காது என்பது அதன் மையக் கருத்து. இன்று உலகத்தில் முக்கால்வாசி அரசமைப்புச் சட்டங்கள் அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன. அந்த அளவுகோலை ஒரு ரப்பர் தோட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? வேலை கொடுப்பவர் துரை. வேலை நேரத்தை விதிப்பவர் துரை. பால் குறைந்தால் கூலியைப் பிடிப்பவர் அவர். குடியிருக்கும் லயம் அவருடையது. மருந்துக் கொட்டகையும் பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பில். வாசலில் யார் நுழையலாம் என்று சொல்பவரும் அவர்தான். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். முறையிட யாரும் இல்லையா என்றால் உண்டு. தொழிலாளர் இலாகா இருந்தது, இந்திய அரசின் ஏஜண்ட் கோலாலம்பூரில் இருந்தார். ஆனால் அங்கே போய் முறையிட்டவன் திரும்பி வந்து படுக்க வேண்டியது துரையின் லயத்தில். பழிவாங்கக் கூடாது என்ற கோரிக்கை பட்டியலில் ஏறியதற்குக் காரணம் அதுதான்.

பெண்களைப் பற்றிய கோரிக்கையையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறிவொளிக் கால அறிஞர்களில் பலர் மனிதன் என்று எழுதியபோது ஆணைத்தான் நினைத்தார்கள். ரூசோகூடப் பெண்ணுக்குக் கல்வி கணவனை மகிழ்விக்கும் அளவுக்குப் போதும் என்று எழுதியவர். அதை எதிர்த்து 1792இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி தனி நூலே எழுத வேண்டியிருந்தது. கிள்ளான் பட்டியலை எழுதியவர்களும் ஆண்கள்தான். பெண்களின் கூலியை ஆண்களுக்குச் சமமாக்க வேண்டும் என்ற வரி அதில் முன்னுக்கு வரவில்லை. ஆனாலும் நிரையில் தனியாக வேலை செய்யும் பெண்ணின் மானத்தைத் தோட்டத்தின் பொதுப் பிரச்சினையாக்கி எழுத்தில் கொண்டுவந்தது சிறிய காரியம் அல்ல. வெளியே சொன்னால் குடும்பத்துக்கு அவமானம் என்று மூடி மறைத்த காலம் அது.

தாயும் தகப்பனும்

தோட்டத் துரைமார்களுக்கு இதெல்லாம் புரியவே இல்லை. தமிழன் சாது, நாங்கள் அவனுக்குத் தாயும் தகப்பனும் போல என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லிவந்தது. நேற்று வரை கைகட்டி நின்றவன் இன்று நிமிர்ந்து பேசினால், யாரோ பட்டணத்து ஆள் தூண்டிவிட்டிருக்கிறான் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது.

இந்தத் தகப்பன் பேச்சைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் கான்ட் 1793இலேயே எழுதியிருக்கிறார். குடிமக்களைக் குழந்தைகளாக நினைத்து, அவர்களுக்கு எது நல்லது என்று தானே தீர்மானிக்கும் அரசுதான் கொடுங்கோன்மைகளிலேயே பெரியது என்பது அவர் முடிவு. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், அறிவொளி என்றால் என்ன என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதிலும் இதை ஒட்டியதே. பிறர் கையைப் பிடித்து நடத்தாமல் தன் புத்தியைக் கொண்டு நடக்கத் துணிவதுதான் அறிவொளி என்றார்.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. சுயமரியாதை.

அந்தச் சொல் கிள்ளான் வரை வந்த பாதை நீளமானது. 1880களில் சென்னையில் ஒரு சிறு கூட்டம் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தி, மதத்தையும் சாதியையும் பகுத்தறிவுக் கண்ணால் பார்த்தது. பாரதியார் 1906இல் ஆசிரியப் பொறுப்பு ஏற்று நடத்திய 'இந்தியா' வார இதழ், பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களைத் தமிழாக்கி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று தன் முகப்பில் தாங்கி வந்தது. வெ.சாமிநாத சர்மா ரூசோவின் நூலைச் 'சமுதாய ஒப்பந்தம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1925இல் பெரியார் 'குடி அரசு' தொடங்கினார். 1929 டிசம்பரில் அவரே கப்பலேறிப் பினாங்கு வந்து இறங்கினார். ஈப்போவில் தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு, மலாயாவின் ஊர்களில் பேசி, சிங்கப்பூர் வரை போனார். 1935இல் கோ.சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார். சீர்திருத்தச் சங்கங்கள் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தன.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுயமரியாதைக்காரர்கள் மலாயாவில் பேசியது பெரும்பாலும் சாதி ஒழிப்பு, மூடநம்பிக்கை ஒழிப்பு, சிக்கனம், மதுவிலக்கு பற்றித்தான். வெள்ளை முதலாளியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஊரில் மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்காதே, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டாதே என்று கேட்டு வளர்ந்த காது, துரை எதிரே வந்தால் மட்டும் வேறு நியாயத்தை ஏற்குமா? விதையை ஊன்றியவர்கள் நினைத்த இடத்தில்தான் மரம் முளைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்னொரு பக்கம் இந்தியக் காங்கிரசின் தாக்கமும் சேர்ந்தது. கிள்ளான் தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணிந்தார்கள். கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். பெரியாரும் காந்தியும் தாய்நாட்டில் எதிரெதிர்த் திசையில் நின்றாலும், கிள்ளான் லயத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

அறிஞர்களின் கணக்கில் விட்டுப்போனவர்கள்

ஐரோப்பிய அறிஞர்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவர்கள் எழுதிய மனிதனுக்குள் தோட்டத் தொழிலாளி அடக்கமா என்பது கடைசி வரை தெளிவாகவில்லை.

ஜான் லாக்கை எடுத்துக்கொள்வோம். ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாத அரசு அரசே அல்ல என்று 1689இல் வாதாடியவர். அவரேதான் அமெரிக்காவின் கரோலினா குடியேற்ற முதலாளிகளுக்குச் செயலாளராக இருந்தவர். அடிமைமேல் எஜமானுக்கு முழு அதிகாரம் கொடுத்த 1669ஆம் ஆண்டு அரசமைப்பை எழுதியதில் அவருக்கும் கை இருந்தது. ஆப்பிரிக்க அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார். சொத்து எப்படி உண்டாகிறது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இன்னும் சுவையானது. நிலத்தோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவன் சொத்தாகிறது என்றார். கேட்கும்போது தொழிலாளிக்கு நல்ல செய்தி மாதிரி இருக்கிறது. காட்டை அழித்தது யார், கன்று நட்டது யார், பால் வெட்டியது யார்? ஆனால் அதே பக்கத்தில் வேலைக்காரன் வெட்டிய புல்லும் எஜமானின் சொத்தே என்று சேர்த்துவிட்டார். தோட்டத்து வேலி அந்த ஒரு வரியின் மேல் ஊன்றப்பட்டதுதான்.

அவர்களின் வாரிசான ஜான் ஸ்டூவர்ட் மில் இன்னும் நேரடியாகவே சொன்னார். சுதந்திரம் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1859இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வரை, 35 ஆண்டுகள், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் அவர். தான் சொல்லும் சுதந்திரம் இன்னும் பக்குவப்படாத மக்களுக்குப் பொருந்தாது, அவர்களை முன்னேற்றும் நோக்கம் இருந்தால் சர்வாதிகாரமே சரி என்று நூலின் தொடக்கத்திலேயே விதிவிலக்கு வைத்துவிட்டார். மலாயாவின் காலனி அதிகாரிகள் படித்து வளர்ந்தது இந்த மரபில்தான். லண்டனில் தாராளவாதி, கிள்ளானில் தகப்பன். இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

எல்லாரும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சின் திதரோ, ரேனால் பாதிரியார் 1770இல் வெளியிட்ட 'இரு இந்தியாக்களின் வரலாறு' என்ற பெரிய நூலுக்குள் தன் பெயர் போடாமல் பல பகுதிகளை எழுதினார். ஐரோப்பியர்கள் கடல் கடந்து போய்ச் செய்த கொள்ளையை அதில் வெளுத்து வாங்கினார். 1781இல் பாரிஸ் நீதிமன்றம் அந்த நூலை எரிக்க உத்தரவிட்டது. ரேனால் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது.

மே 1941

1941 மே 5ஆம் தேதி ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரித் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிள்ளான் நகரத்தை நோக்கி வந்தார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவி, நெகிரி செம்பிலானையும் தொட்டது. அரசு கூட்டம் கூடத் தடை போட்டது. காவல்துறை தடியடி நடத்தியது. மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டு, படை வரவழைக்கப்பட்டது. வந்தது இந்தியப் படை. ஓர் இந்தியனை அடக்க இன்னோர் இந்தியன். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். தோட்டத்துக்குள் இனி நுழையக் கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் பலர். தாமாகவே ஊருக்குப் போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துக் கப்பலேறியவர்கள் சிலர். அதை எவ்வளவு தாமாகச் செய்தார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மாத இறுதிக்குள் எல்லாம் அடங்கியது.

நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். நீதிமன்ற விசாரணை கிடையாது, ஓர் நிர்வாக உத்தரவு போதுமானதாக இருந்தது. பிரெஞ்சு வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை. மன்னர் கையெழுத்திட்ட ஒரு துண்டுக் கடிதம் இருந்தால் பிரான்சில் யாரையும் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கலாம். இளைஞர் வால்டேர் 1717இல் பாஸ்டீல் சிறைக்குள் போனதும் அரண்மனை உத்தரவில்தான். பதினொரு மாதம் உள்ளே இருந்தார். 1789இல் பாரிஸ் மக்கள் அந்தச் சிறையை இடித்ததைத்தான் பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம்.

காலப்பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் தேதிதான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்கள் பற்றி முழங்கினார். அதில் முதலாவது பேச்சுரிமை. கிள்ளானில் பிணம் விழுந்து மூன்று மாதத்தில், ஆகஸ்ட் 14 அன்று, ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். எல்லா மக்களுக்கும் தங்கள் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது சாசனம். செப்டம்பரில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது என்று விளக்கம் கொடுத்துவிட்டார். மில் வைத்த அதே விதிவிலக்கு!

டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. அதற்குள் தாயும் தகப்பனுமாக இருந்த துரைமார்கள் தெற்கே சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். தொழிலாளர்கள் லயத்திலேயே விடப்பட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

துரைமார்கள் 1945இல் திரும்பி வந்தபோது பழைய தோட்டம் இல்லை. ஊர் ஊராகச் சங்கங்கள் எழுந்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1957 ஆகஸ்ட் 31 அன்று நாடு விடுதலை பெற்றது.

அந்த அரசமைப்புச் சட்டத்தைக் கிள்ளான் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். 8ஆவது பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவம். 10ஆவது பிரிவு, பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை. நடுவில் இருக்கும் 9ஆவது பிரிவு, குடிமகன் எவரையும் நாடுகடத்தக் கூடாது என்கிறது. நாதனுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாது என்று எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால் 9ஆவது பிரிவும் 10ஆவது பிரிவும் குடிமக்களுக்கு மட்டும். 1941இல் வேலைநிறுத்தம் செய்த தலைமுறையில் பலர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள், எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள், தோட்டத்தில் இருக்கிற எனக்கு இந்தக் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டவர்கள் என்று குடியுரிமை பெறாமலே போனவர்கள் நிறையப் பேர். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய கைகள், பினாங்கில் நாகப்பட்டினத்துக் கப்பலின் ஏணியைப் பிடித்து ஏறின.